ட்யூன் செய்த டர்போ காரில் எத்தனால் கலப்பு: பெங்களூரு அனுபவம்

பெங்களூரில் இன்றைக்கு எந்த பங்க்கில் சாதாரண பெட்ரோல் போட்டாலும், டேங்க்கில் இறங்குவதில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். இருபது சதவீதம் எத்தனால் கலந்த இந்த இ20 பெட்ரோலைப் பிரதமர் தொடங்கி வைத்ததே இந்த ஊரில்தான், 2023 பிப்ரவரி 6 அன்று இந்தியா எனர்ஜி வீக் மாநாட்டில். அன்றைக்கு அது மைலேஜ் பற்றிய செய்தியாகத்தான் பலருக்குப் பட்டது. ட்யூன் போட்ட டர்போ வண்டி வைத்திருப்பவர்களுக்கு அது வேறு விஷயம். இன்ஜினை நடத்தும் கணினியான இசியுவுக்குள் இருக்கும் மேப், அதாவது எப்போது எவ்வளவு எரிபொருள், எப்போது பொறி என்று சொல்லும் அட்டவணை, ஒரு எரிபொருளை மனதில் வைத்து எழுதப்பட்டது. பங்க்கில் ஊற்றுவது இன்னொன்று.

என்னுடையது ஸ்கோடா ஆக்டேவியா 1.8 டிஎஸ்ஐ, 2018 மாடல். கம்பெனியில் இருந்து வந்தபோது பவர் 180 பிஎஸ், டார்க் (இழுவிசை) 250 நியூட்டன் மீட்டர். இப்போது ஸ்டேஜ் 1 ட்யூன், அதாவது பாகங்களை மாற்றாமல் மேப்பை மட்டும் மாற்றியது. இ20 வருவதற்கு முந்தைய வண்டி, வாரன்ட்டி முடிந்துவிட்டது. இதையெல்லாம் முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு: நான் கீழே எழுதுவது எதற்கும் வண்டித் தயாரிப்பாளரின் ஒப்புதல் கிடையாது. வாரன்ட்டியில் இருக்கும் வண்டியில் இதைச் செய்யாதீர்கள்.

எத்தனாலை பவர் திரவம் என்று நினைத்துத்தான் நிறையப் பேர் இதில் இறங்குகிறார்கள். கணக்கு நேர் எதிர். ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல். ஒரு லிட்டர் எத்தனாலில் 21தான். பவர் வருவது வேறு வழியில். எத்தனாலின் ஆக்டேன் 108ஐ ஒட்டி இருக்கிறது, அதனால் நாக்கிங் (எரிபொருள் தவறான நேரத்தில் தானாக வெடிப்பது) தள்ளிப்போகிறது. அதைவிட முக்கியமானது குளிர்ச்சி. சானிட்டைசரைக் கையில் ஊற்றினால் சில்லென்று இருக்கிறதே, அதே வேலை சிலிண்டருக்குள் நடக்கிறது. ஒரே அளவு காற்றுக்கு வேண்டிய எரிபொருளை வைத்துப் பார்த்தால், சுத்த எத்தனால் ஆவியாகும்போது பெட்ரோலைப்போல் ஏறத்தாழ நாலு மடங்கு வெப்பத்தை உறிஞ்சுகிறது. இன்ஜெக்டர் நேராகச் சிலிண்டருக்குள் தெளிக்கும் டர்போ இன்ஜினில் இந்தக் குளிர்ச்சி அப்படியே பலன் தரும். டைமிங்கை (ப்ளக் பொறி விடும் நேரம்) ஒன்றிரண்டு டிகிரி முன்னால் தள்ள இடம் கிடைக்கும். கூடுதல் இழுவை அங்கிருந்துதான் வருகிறது.

அதற்கு விலையும் உண்டு. பெட்ரோல் முழுதாக எரிய 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கே போதும். அதாவது அதே காற்றுக்கு எரிபொருளை அதிகமாக ஊற்ற வேண்டும். எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்டால் இ20க்கு ஏழெட்டு சதவீதம் கூட, இ30க்கு பதினொன்று பன்னிரண்டு, இ85க்கு நாற்பதுக்கும் மேல். இன்ஜெக்டரும் பம்ப்பும் இதைக் கொடுக்க முடியுமா என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும் கேள்வி. அந்தக் கேள்விக்குக் கீழே வருகிறேன்.

முதலில் கையில் என்னென்ன கிடைக்கிறது என்று பார்க்கலாம். சாதாரண இ20 இருக்கிறது. பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) தரப்படி குறைந்தபட்சம் 95 ஆக்டேன். இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95 இருக்கிறது. 2020 டிசம்பரில் வந்த எக்ஸ்பி100 இருக்கிறது, சாதாரண பெட்ரோலைவிட லிட்டருக்கு ஐம்பது ரூபாய்க்கு மேல் கூட. 2024 மார்ச்சில் இருந்து எத்தனால் 100 என்ற பெயரில் ஒன்று, கர்நாடகா உட்பட சில மாநிலங்களில் தேர்ந்தெடுத்த பங்க்குகளில் மட்டும். பெயர்தான் 100, உள்ளே சுமார் 93 சதவீதம் எத்தனால், மீதி கொஞ்சம் பெட்ரோலும் இரண்டும் பிரியாமல் சேர்த்துப் பிடிக்கும் சேர்மானமும். கணக்குப் போடும்போது 93 என்றே போடுங்கள்.

எதில் எவ்வளவு எத்தனால் என்பதை நம்பிக்கையில் விடக்கூடாது. சோதிப்பது சுலபம். மூடி உள்ள 100 மில்லி அளவுக் குடுவை ஒன்று, லேப் சாமான் கடையில் கிடைக்கும். சரியாக 50 மில்லி தண்ணீர், ஒரு சொட்டு நீல இங்க், மேலே 50 மில்லி பெட்ரோல். மூடியை இறுக்கி நன்றாகக் குலுக்கி, ஒரு தடவை மூடியைத் திறந்து உள்ளே சேர்ந்த ஆவியை வெளியே விட்டு, மறுபடி மூடிக் கால்மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். எத்தனால் பெட்ரோலை விட்டுவிட்டுத் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும். இங்க் தண்ணீரில் மட்டும் நிற்பதால் நீலக் கோடு எங்கே முடிகிறது என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும். கோடு 50இல் இருந்து 60க்கு ஏறினால், 50 மில்லி பெட்ரோலில் 10 மில்லி எத்தனால்: 20 சதவீதம். எத்தனாலும் தண்ணீரும் சேரும்போது கன அளவு கொஞ்சம் சுருங்குவதால் 59, 59.5 என்றுகூட நிற்கும், அதுவும் இ20தான். மொட்டை மாடியில், கையுறை போட்டுக்கொண்டு, அடுப்போ சிகரெட்டோ பக்கத்தில் இல்லாமல் செய்யுங்கள்.

நான் சோதித்தவரையில் எக்ஸ்பி100இல் நீலக் கோடு அசையவே இல்லை. எக்ஸ்பி95இல் சாதாரண பெட்ரோலைப் போலவே 60ஐ நோக்கி ஏறியது. பிரீமியம் பெட்ரோல் என்றாலே எத்தனால் கிடையாது என்று நம்பி மாதக்கணக்கில் காசு கொடுப்பவர்கள் என் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். ஒரு சனிக்கிழமை அந்தக் குடுவையை எடுத்து வைத்தால் போதும்.

இனி கலவைக் கணக்கு. நான் வைத்திருக்கும் இலக்கு இ30. டேங்க் 50 லிட்டர். பத்து லிட்டர் இ20 மிச்சம் இருக்கிறது, மொத்தம் 45 லிட்டராக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 45 லிட்டரில் முப்பது சதவீதம் 13.5 லிட்டர் எத்தனால். ஏற்கெனவே உள்ளது 2 லிட்டர். மேற்கொண்டு போடுவது 29 லிட்டர் சாதாரண இ20யும் 6 லிட்டர் எத்தனால் 100ம் என்றால் இலக்கு வந்துவிடும். இதையே எக்ஸ்பி100ஐ வைத்துச் செய்தால், அதில் எத்தனால் இல்லாததால், 22.5 லிட்டருக்குப் பன்னிரண்டரை லிட்டர் எத்தனால் 100 ஊற்ற வேண்டும்.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முதல் வழியே போதும். ஆக்டேனை நேர்க்கணக்காகக் கூட்டி வகுக்க முடியாது. குறைந்த ஆக்டேன் பெட்ரோலில் எத்தனால் சேர்த்தால் ஆக்டேன் நன்றாக ஏறும். ஏற்கெனவே 100ல் இருப்பதில் சேர்த்தால் ஏற்றம் சொற்பம், குளிர்ச்சி மட்டுமே மிச்ச லாபம். ஓட்டும்போது இசியுவில் இருந்து பதிவு செய்த லாகில் இரண்டு கலவைக்கும் நடுவே நான் கண்ட வித்தியாசம் கொடுத்த காசுக்குப் போதவில்லை. எத்தனால் 100 கிடைக்காத நாளில் எக்ஸ்பி100ஐத் தனியாகப் போட்டுக்கொள்கிறேன். அதற்கு அது அருமையான பெட்ரோல்.

எத்தனால் 100 கிடைக்காத நாள் நிறைய வரும். அந்த நாஸில், எத்தனால் எவ்வளவு கலந்தாலும் ஓடும் ஃப்ளெக்ஸ் ஃப்யூவல் வண்டிகளுக்கானது; அப்படிப்பட்ட வண்டிகள் தெருவில் மிகக் குறைவு என்பதால் விற்பனையும் குறைவு. நான் போகும் பங்க்கில் இருப்பவர் தர்மபுரிக்காரர். முதல் தடவை நாஸிலைக் கையில் எடுக்கவே யோசித்தார்.

"சார், இது பெட்ரோல் இல்ல, எத்தனால். உங்க வண்டிக்கு ஆகுமா?"

"ஆறு லிட்டர் மட்டும் போடுங்கண்ணா. மீதி சாதாரண பெட்ரோல்."

"போடறேன். ஆனா லோடு வந்து ரொம்ப நாளாச்சு, சொல்லிட்டேன்."

இந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். விற்காமல் கிடக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். அன்றைக்கு வாங்காமல் அடுத்த லோடு வந்த பிறகு போனேன். அதிலிருந்து எங்கே போனாலும் கடைசி லோடு எப்போது என்று கேட்டுவிட்டுத்தான் மூடியைத் திறப்பது. ஊற்றும் வரிசையும் பழக்கமாகிவிட்டது: முதலில் எத்தனால், அதன் மேல் பெட்ரோல். பின்னால் இறங்கும் முப்பது லிட்டரின் வேகத்திலேயே நன்றாகக் கலந்துவிடும். கேனில் வாங்கி வீட்டில் கலக்கும் வேலை வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில் பெட்ரோல் ஆவி தேங்குவது விளையாட்டு இல்லை.

ஊற்றிவிட்டு உடனே மிதிக்கவும் கூடாது. பழைய எரிபொருள் லைனில் இருக்கும், இசியு புதிய கலவைக்குப் பழக வேண்டும். இருபது கிலோமீட்டர் நிதானமாக ஓட்டிவிட்டு ஓபிடியில் (வண்டியின் சோதனை போர்ட்) லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம்மை, அதாவது இசியு எரிபொருளை எவ்வளவு கூட்டிக் குறைத்துச் சரிசெய்கிறது என்பதைப் பாருங்கள். இ20இல் பூஜ்யத்தை ஒட்டி இருந்த ட்ரிம், இ30க்கு நாலு சதவீதம் அளவுக்கு மேலே போனால் கலவை சரி. பத்துக்கு மேல் போனால் நீங்கள் நினைத்ததைவிட எத்தனால் அதிகம், அல்லது எங்கோ காற்றுக் கசிவு. ட்ரிம் மறைமுகமான சாட்சிதான். நேராகத் தெரிய வேண்டுமென்றால் எத்தனால் சென்சார் இருக்கிறது: லைனில் பொருத்தினால் எத்தனாலே இல்லாதபோது 50 ஹெர்ட்ஸ், முழு எத்தனாலுக்கு 150 ஹெர்ட்ஸ் என்று சிக்னல் கொடுக்கும். நடுவில் எல்லாம் நேர்கோடு, 80 என்றால் 30 சதவீதம். நான் இசியுவோடு இணைக்காமல் சின்ன டிஸ்ப்ளேயோடு மட்டும் வைத்திருக்கிறேன். இதுவரை வண்டிக்குச் செய்த செலவில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான். ஒன்று கவனிக்க வேண்டும்: ஏஎஃப்ஆர் (காற்று எரிபொருள் விகிதம்) மீட்டர் பெட்ரோல் கணக்கில் 14.7 என்று காட்டிக்கொண்டிருக்கும், எத்தனால் கலந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தம் மாறிவிடும். லாம்டாவைப் பாருங்கள்: முழுதாக எரியத் தேவையான காற்றோடு ஒப்பிட்டால் உண்மையில் எவ்வளவு காற்று இருக்கிறது என்ற விகிதம் அது. எந்தக் கலவையானாலும் லாம்டா 1 என்றால் 1தான்.

இப்போது மேப். பீன்யா பக்கம் டைனோ (வண்டியின் பவரை அளக்கும் மேடை) வைத்திருக்கும் ட்யூனர் சேலத்துக்காரர். இ30க்கு மேப் எழுத வேண்டும் என்று போய் நின்றபோது அவர் கேட்டது வேறு.

"தம்பி, நீங்க போடப்போற மோசமான பெட்ரோல் எது, அதச் சொல்லுங்க. நல்லதச் சொல்லாதீங்க."

"ஊருக்குப் போறப்போ கிருஷ்ணகிரி தாண்டி எங்கயாச்சும் சாதா இ20 போடுவேன்ணா."

"அப்போ மேப் அதுக்குத்தான். எத்தனால் சேத்தீங்கன்னா அது உங்களுக்குக் கையிருப்பு. அத நான் செலவு பண்ண மாட்டேன்."

கிட்டத்தட்ட அப்படியே செய்தார். அடிப்படை மேப் இ20க்கு. 4,500 ஆர்பிஎம்முக்கு மேல் மட்டும், நாக் சென்சார் எதிர்ப்புச் சொல்லாவிட்டால் டைமிங்கைக் கொஞ்சம் முன்னால் போக அனுமதி. கீழே, நடுவில் டார்க்கை ஏற்றவே இல்லை. காரணம் கியர்பாக்ஸ். இந்த வண்டியில் இருக்கும் ஏழு கியர் ட்ரை கிளட்ச் டிஎஸ்ஜி 250 நியூட்டன் மீட்டருக்கு வடிவமைத்தது. இதே 1.8 இன்ஜினை வெளிநாட்டில் வெட் கிளட்ச் (ஆயிலில் மூழ்கி இயங்கும் கிளட்ச்) பெட்டியோடு விற்றபோது கம்பெனியே 280 கொடுத்தது; இன்ஜினால் முடியாமல் இல்லை. எத்தனால் கொடுக்கும் இடத்தையெல்லாம் 2,000 ஆர்பிஎம்மிலேயே டார்க்காக மாற்றினால் இன்ஜின் சிரித்துக்கொண்டே போகும், கிளட்ச் பேக் சில்க் போர்டு நெரிசலில் கருகும். மேல் ஆர்பிஎம்மில் வாங்கும் பவர் கிளட்ச்சுக்கு அவ்வளவு பாரமில்லை.

அவர் சொன்னதன் மதிப்பு எனக்கு முழுதாகப் புரிந்தது சென்னை அருகே இருங்காட்டுக்கோட்டை ட்ராக்கில், ஒரு மே மாதம். பெங்களூரு கடல் மட்டத்தில் இருந்து 900 மீட்டருக்கு மேல். காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்து சதவீதம் குறைவு. அதே பூஸ்ட்டை (டர்போ காற்றை அமுக்கித் தரும் அழுத்தம்) எட்ட இங்கே டர்போ கூடுதலாகச் சுழல வேண்டும். ஆனால் காலை 22 டிகிரி காற்று, அப்படிச் சுழல்வதால் வரும் சூட்டை மறைத்துவிடுகிறது. பெங்களூரு டைனோவில், பெரிய மின்விசிறிக்கு முன்னால் எடுத்த லாகில் நாக் ரிடார்ட் (நாக்கிங்கைத் தடுக்க இசியு டைமிங்கைப் பின்னால் இழுக்கும் அளவு) நாலு சிலிண்டரிலும் ஏறக்குறைய பூஜ்யம். இருங்காட்டுக்கோட்டையில் நாற்பதைத் தொட்ட வெயிலில், மூன்றாவது நாலாவது சுற்றில் இன்ஜினுக்குள் போகும் காற்றின் சூடு அறுபதை நெருங்கியது. இ20இல் மூன்றாவது சிலிண்டர் நாலரை டிகிரி வரை டைமிங்கைப் பின்னால் இழுத்தது. அன்றைக்குக் கையோடு வைத்திருந்த கணக்குப்படி கலந்துகொண்டு வந்த இ30 டேங்க்கில், அதே வெயில், அதே வளைவு, இரண்டு டிகிரியைத் தாண்டவில்லை. பூஸ்ட் ஒரு துளிகூட ஏறவில்லை. கொடுத்ததைப் பிடுங்காமல் விட்டது, அவ்வளவே. எனக்கு இ30 என்பதே இதுதான். சென்னைக்கு ட்யூன் போட்ட வண்டியில் போகிறவர்கள் பெங்களூரு லாகை வைத்துத் தைரியப்படாதீர்கள். மூன்று டிகிரிக்குள் ரிடார்ட் வருவதும் போவதும் இயல்பு. நாலு ஐந்து என்று ஒரே சிலிண்டரில் நின்றுகொண்டிருந்தால் காலை எடுங்கள்.

பம்ப் விஷயத்துக்கு வருகிறேன். ஒயிட்ஃபீல்டில் இருக்கும் என் மைத்துனனுக்கும் இதே இன்ஜின். பாதிக்குப் பாதி கலந்துவிட்டு, "மாமா, மேல போனா வண்டி திணறுது, ப்ளக் போச்சா?" என்று கேட்டான். லாகை விரித்துப் பார்த்தோம். இசியு கேட்ட ரெயில் அழுத்தம் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் எரிபொருளின் அழுத்தம்) 200 பாரை ஒட்டி நேர்க்கோடாகப் போகிறது. உண்மையில் கிடைத்த அழுத்தத்தின் கோடு 5,000 ஆர்பிஎம் வரை அதோடு ஒட்டிப் போய், அங்கிருந்து சரிந்து 150க்குக் கீழே விழுகிறது. அதே இடத்தில் லாம்டா மேலே ஏறுகிறது. முழு பூஸ்ட்டில் எரிபொருள் போதாமல் லீனாக ஓடுவதுதான் பிஸ்டனை உருக்கும் நிலை. பம்ப் கொடுக்கக்கூடியதைவிட அதிகமாக எத்தனால் கேட்டது, வேறொன்றுமில்லை. சாதாரண பெட்ரோலை நிரப்பிக் கலவையை இறக்கியதும் இரண்டு கோடும் ஒட்டிக்கொண்டன. கம்பெனி பம்ப்போடு இந்த இன்ஜினில் இ30, தாராளமாகப் போனால் இ35. அதற்கு மேல் வேண்டுமானால் பெரிய ஹை ப்ரெஷர் பம்ப்பும் அதற்கென எழுதிய மேப்பும் வேண்டும். எத்தனால் சேர்த்த முதல் டேங்க்கில் எல்லோரும் நாக்கிங் லாகை மட்டும் பார்க்கிறார்கள். ரெயில் அழுத்தத்தையும் சேர்த்து எடுங்கள்.

கெமிக்கல் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டை ஊற்றலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. வண்டிக்குப் போகும் எத்தனால் 99.6 சதவீதத்துக்குமேல் நீர் நீக்கியது. சாதாரணமாகக் காய்ச்சி வடிக்கும் ஸ்பிரிட்டில் ஐந்து சதவீதம் அளவுக்குத் தண்ணீர் நின்றே தீரும். வடித்தலால் மட்டும் அதைப் போக்க முடியாது. டீனேச்சர்டு ஸ்பிரிட்டில் வேறு என்னென்னவோ கலந்திருக்கும், மெத்தனாலும் இருக்கலாம். அலுமினியத்தை அரிக்கும், மூச்சுக்கும் கண்ணுக்கும் ஆபத்து, கலால் சட்டச் சிக்கல் தனி. ஆக்டேன் பூஸ்டர் பாட்டில்களும் எனக்குத் தேவைப்படவில்லை. "30 பாயின்ட்" என்று போட்டிருந்தால் அது மூன்று ஆக்டேன்தான், அதுவும் நல்ல நாளில். மாங்கனீஸ் வகை பூஸ்டர் ப்ளக்கில் செம்மண் நிறத்தில் படியும்.

பராமரிப்பில் நான் மாற்றிக்கொண்டது கொஞ்சம். எத்தனால் டேங்க்கில் பல வருஷமாகப் படிந்த கசடைக் கரைத்துக்கொண்டு வரும், அதனால் முதல் சில டேங்க் முடிந்ததும் ஃப்யூவல் ஃபில்டரை மாற்றினேன். ப்ளக் ஒரு படி கூலானது (சூட்டைச் சீக்கிரம் கடத்திவிடும் வகை), இடைவெளி 0.6 மில்லிமீட்டர். ஆயில் ஏபிஐ எஸ்பி தரம். டர்போ டைரக்ட் இன்ஜெக்‌ஷன் இன்ஜின்களில் குறைந்த ஆர்பிஎம்மில் முன்கூட்டியே பற்றிக்கொள்ளும் பிரச்சினையையும் சோதித்து வந்த தரம் அது. 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை ஆயில் மாற்றம். மாரத்தஹள்ளியில் இருந்து இந்திராநகர் வரை ஊர்ந்து போய் இன்ஜின் சரியாகச் சூடாகும் முன்னே அணைத்தால், எரியாத எத்தனாலும் நீரும் ஆயிலில் இறங்கும், ஆவியாகி வெளியேற நேரம் கிடைக்காது. டிப்ஸ்டிக்கை மூக்கருகே கொண்டுபோனால் பெட்ரோல் வாடை தெரியும்; மட்டம் குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால் இன்னும் சீக்கிரம் மாற்றுங்கள். குளிர்காலத்தில் ஸ்டார்ட் ஆகாது என்ற பயம் இ30க்கு வேண்டாம். டிசம்பர் காலை 14 டிகிரியில் ஒரு தடவைகூட மக்கர் பண்ணவில்லை. பிரேசிலில் 2025 ஆகஸ்டில் இருந்து சாதாரண பெட்ரோலே இ30தான்.

தண்ணீர்தான் உண்மையான எதிரி. எத்தனால் கலந்த பெட்ரோலில் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தனியாகப் பிரிந்துவிடும். மேலே நிற்கும் பெட்ரோல் ஆக்டேன் இழந்து நிற்கும். ட்யூன் செய்த வண்டிக்கு இரண்டும் கேடு. மழை கொட்டிய மறுநாள் பள்ளத்தில் இருக்கும் பங்க்குகளுக்கு நான் போவதில்லை. வெளிவட்டச் சாலையில் தண்ணீர் நிற்பதைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். பொங்கலுக்கோ நீண்ட விடுப்புக்கோ வண்டியை நிறுத்திவிட்டு ரயிலில் போவதாக இருந்தால், கலவையைக் கால் டேங்க்குக்குக் கீழே ஓட்டி முடித்து எக்ஸ்பி100ஐ முட்ட நிரப்பிவிட்டுப் போகிறேன். டேங்க்கில் காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஈரத்துக்கும் இடமில்லை. திரும்பி வந்து எத்தனால் சேர்க்கும்போது மிச்சத்தில் எத்தனால் அநேகமாக இல்லை என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லையேல் ஆறு லிட்டரில் இ30 வராது.

இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு ட்யூன் பற்றி எழுத்தில் தெரிவித்து, அவர்கள் அனுப்பிய பதிலை பாலிசியோடு சேர்த்து வைத்திருக்கிறேன். பிரீமியம் கொஞ்சம் கூடியது. புதுப்பிக்கும்போது ஏஜென்ட் அதைச் சேர்க்காமல் விட்டுவிடக்கூடும், ஒவ்வொரு வருஷமும் பாலிசித் தாளில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.